உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி

நவம்பர் பிறந்தால் நம் ஊரில் இரண்டு பேச்சுதான். ஒன்று, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு எங்கே நிற்கிறது என்பது. இன்னொன்று, "லைஃப் சர்டிஃபிகேட் கொடுத்தாச்சா?" சில வருடங்களாக மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "அக்டோபர்ல பொண்ணு வீட்டுக்குப் போறோம் சார், திரும்ப மார்ச் ஆயிடும். அங்கேயிருந்து எப்படிக் கொடுக்கிறது?"

டவுன்ஷிப்பில் முப்பது வருடம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்திலும் இந்திரா நகரிலும் மந்தாரக்குப்பத்திலும் வீடு கட்டிக்கொண்டவர்கள் நம்மில் பலர். கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு வருடத்தில் பாதி நாள் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறோம். பாஸ்போர்ட், விசா, பென்ஷன், ஆதார், செல்போன் என்று ஐந்தாறு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நம் தலையில் இறங்கியிருக்கின்றன. நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம், வரலாறு அல்ல. ஆனால் இந்தத் தாள்களைக் கவுண்டருக்கு உள்ளேயிருந்தும் பார்த்தேன், இப்போது வெளியே நின்றும் பார்க்கிறேன். இவை எப்படி வந்தன என்று தேடிப் படித்ததில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

முதலில் பென்ஷன். விரலை மெஷினில் வைத்து "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று காட்டுவது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். அது நம் நாட்டில் பிறந்து 140 வருடத்துக்கு மேல் ஆகிறது. வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் இருந்தார். சாலை போடச் சரளை தருவதாக ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து, பத்திரத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். பின்னாளில் பேச்சு மாறக்கூடாதே என்ற பயம்தான். பிறகு 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது விரல் ரேகையை முறைப்படி பயன்படுத்த ஆரம்பித்தார். யாருக்கெல்லாம் என்று பார்த்தால் பத்திரம் பதிவு செய்பவர்கள், சிறைக் கைதிகள், மூன்றாவதாகப் பென்ஷன்தாரர்கள்! பென்ஷன் வாங்கும் பெரியவர் இறந்த பிறகும் உறவினர்கள் அவர் பெயரில் பணம் வாங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். குற்றவாளிகளைப் பிடிப்பதற்காக உலகின் முதல் ரேகைக் கூடம் கல்கத்தாவில் திறந்தது 1897இல்தான். ஆக, கொலைகாரனுக்கு இருபது வருடம் முன்னாலேயே பென்ஷன்காரர் ரேகை வைத்துவிட்டார். (அந்தக் கல்கத்தா கூடத்தில் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் அஜீஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முறைக்கு வைத்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியுடையது. ஆபீஸ் என்றால் அப்படித்தான்.)

அதன் பிறகு நீண்ட காலம் ரேகை, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று ஆனது. மற்றவர்களுக்கு ஆள்தான் அத்தாட்சி. பென்ஷன் ஆர்டரில் உயரம் எவ்வளவு, வலது புருவத்துக்கு மேல் மச்சம், இடது முழங்காலில் தழும்பு என்று அங்க அடையாளங்கள் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை கஜானாவில் ஆஜராக வேண்டும். 1976 முதல் மத்திய அரசு பென்ஷன் படிப்படியாகப் பொதுத்துறை வங்கிகளுக்கு வந்தது. அதோடு நவம்பர் கூட்டமும் எங்கள் கவுண்டருக்கு வந்தது.

அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் டோக்கன் சத்தம் கேட்கிறது. மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாஸ்புக். படிவத்தில் இருப்பது இரண்டே வரி. இன்னார் இன்று என் முன் ஆஜரானார், உயிரோடு இருக்கிறார் என்று அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பென்ஷன் லெட்ஜரில் நான் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டால் அந்த வருடத்துக் கடமை முடிந்தது. யார் மச்சத்தையும் நாங்கள் தேடியதில்லை. நடையைப் பார்த்தே தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் மேனேஜர் சாயங்காலம் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். வராத பெயர்களைப் பட்டியல் எடுப்போம். அந்தப் பட்டியலைக் கையில் எடுக்கும்போதே பக்கத்துக் கவுண்டர்காரர், "இவர் போன ஆடியிலேயே போயிட்டாரே சார்" என்பார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தெரிந்த முகத்துக்குத்தான் அந்தச் சலுகை. வேறு ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த பெரியவர் எங்கள் கவுண்டரில் நின்றால், "உங்க பிராஞ்சுக்குப் போங்க" என்றுதான் சொல்வோம். அவருக்காகக் கையெழுத்துப் போட யாரும் துணியமாட்டார்கள். ஊரை விட்டு நகராதவருக்கு ஏற்ற முறை அது. நகர ஆரம்பித்தவர்களுக்கு அது பொருந்தவில்லை.

இனி நகர்வதற்கான தாளுக்கு வருவோம். முதல் உலகப் போருக்கு முன் நம் ஆட்கள் கடல் கடந்து போனபோது பாஸ்போர்ட் என்ற புத்தகம் யாரிடமும் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். ஒப்பந்தக் கூலிகளுக்கு வேறு தாள்கள் உண்டு. அவை ஆளைக் கட்டிப்போடும் தாள்கள், அவற்றை இங்கே சேர்க்கவில்லை. பாங்காக்கில் சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 1870களின் முடிவில் அதைக் கட்டியதாக வைத்தி படையாட்சி என்ற தமிழரின் பெயரைச் சொல்கிறார்கள். அவரைப் போன்றவர்கள் சயாமில் குடியேறியபோது 90 நாள், 60 நாள் என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை.

போர் வந்ததும் எல்லா அரசுகளும் ஒரே சமயத்தில் கதவைச் சாத்தின. இந்தியாவில் 1917இல் போர்க்கால விதியாகப் பாஸ்போர்ட் கட்டாயமானது. போர் முடிந்தது, விதி போகவில்லை. 1920இல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டமாக நிலைத்துவிட்டது. அதே 1920இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும், எத்தனை பக்கம் என்றுகூட வரையறுத்தது. தற்காலிகமாக வந்த சர்சார்ஜ் நிரந்தரமாவதை வங்கிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாள் என்றால் வெறும் தொல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கும் சயாம்தான் சாட்சி. 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்த நேச நாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. இறந்த தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பலகையும் இல்லை, புதைத்த இடத்துக்கு அடையாளமும் இல்லை. சிப்பாய்க்குப் பட்டாலியன் பதிவேடு இருந்தது. கூலிக்கு எதுவும் இல்லை. எந்த அலுவலகத்தில் வரிசையில் நின்றாலும் எனக்கு இது ஞாபகம் வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1954இல் பம்பாய், கல்கத்தா, டெல்லி, மதராஸ், நாக்பூர் ஆகிய ஐந்து இடங்களில் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகங்கள் திறந்தார்கள். பாஸ்போர்ட் அப்போது உரிமை இல்லை, அரசு மனம் வைத்துக் கொடுப்பது. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்று அரசு கேட்க, அவர் உச்ச நீதிமன்றம் போனார். வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் எதுவும் இல்லாமல் அதைத் தடுக்க முடியாது என்று 1967 ஏப்ரல் 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மூன்றுக்கு இரண்டு. தலைமை நீதிபதி சுப்பா ராவ் மறுநாளே பதவியை விட்டு விலகிக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார் என்பது கூடுதல் செய்தி. அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 24ஆம் தேதியிட்ட அந்த 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான் இன்றும் நம் பாஸ்போர்ட் வருகிறது.

அந்த 1960களில் நெய்வேலியில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் யார் என்றால் பெரும்பாலும் வந்தவர்கள்தான், போனவர்கள் இல்லை. கம்பெனி 1956இல் பதிவானது, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அனல் மின் நிலையத்துக்குச் சோவியத் உதவி, சுரங்கத்துக்கு ஜெர்மன் எந்திரங்கள். அவற்றைப் பொருத்த வந்த நிபுணர்கள் குடும்பத்தோடு டவுன்ஷிப்பில் இருந்ததை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. வெளிநாட்டவர் எங்கே தங்குகிறார் என்று போலீசுக்குத் தெரியப்படுத்த வேண்டும். ஓட்டல்காரர் சி படிவம் கொடுக்க வேண்டும். வேறு நாட்டில் நம்மிடம் முகவரி கேட்கும்போது நமக்கு மனம் சுருங்குகிறது. நம் நாடும் வந்தவர்களிடம் அதையேதான் கேட்டது, கேட்கிறது.

நம் ஆட்கள் போக ஆரம்பித்தபோது கையில் எட்டு டாலர். 1970களில் அந்நியச் செலாவணி அவ்வளவு இறுக்கம். 1983இல் குடியேற்றச் சட்டம் வந்தது. படிக்காத தொழிலாளி ஏமாற்றப்படக்கூடாது என்று சில நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வேண்டும் என்றார்கள். வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டதாரிக்கும் வருமான வரி கட்டுபவருக்கும் விலக்கு. பாஸ்போர்ட்டில் இசிஎன்ஆர் முத்திரை குத்தித் தருவார்கள். அந்த முத்திரைக்காக டிகிரி சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து வைத்தவர்களும், லேமினேட் செய்ததாலேயே செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. இப்போது பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். 50 வயது கடந்தவருக்கும் விலக்கு, ஆக நம் வயதுக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது ஓய்வுக்காலத்தை வெளிநாட்டில் கழிப்பவருக்கு வருவோம். இதை முழுமையாகப் பார்க்கத் தாய்லாந்தைவிட நல்ல இடம் இல்லை. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வெயிலையும் மலிவு விலையையும் தேடி அங்கே போய்த் தங்குகிறார்கள். 50 வயது ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும், நம் பணத்தில் இருபது லட்சத்துக்கு மேல். இல்லாவிட்டால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஒரு வருடம் இருக்கலாம், பிறகு வருடா வருடம் நீட்டிக்க வேண்டும். நடுவில் 90 நாளுக்கு ஒரு முறை, "இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று குடிவரவு அலுவலகத்துக்கு அறிக்கை தர வேண்டும். வீட்டுக்காரர் தன் பங்குக்கு டிஎம்-30 என்ற படிவத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நம் சி படிவத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டம் அவர்கள் கணக்கில் புத்த ஆண்டு 2522, நம் கணக்கில் 1979.

இதில் ஒரு வங்கிக்காரனாக என்னைக் கவர்ந்த விஷயம் வேறு. மாதம் 65,000 வருமானம் உண்டு என்பதற்கு அந்தந்த நாட்டுத் தூதரகம் ஒரு கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓய்வூதியர் சொல்வார், தூதரகம் எழுதித் தரும், குடிவரவு அலுவலகம் ஏற்றுக்கொள்ளும். "சொன்னது உண்மை என்று சரிபார்த்தீர்களா?" என்று தாய்லாந்து கேட்டபோது, அப்படிச் சரிபார்க்க எங்களால் முடியாது என்று 2019 ஜனவரியிலிருந்து அமெரிக்க, பிரிட்டிஷ் தூதரகங்கள் கடிதத்தையே நிறுத்திவிட்டன. அன்றிலிருந்து மாதா மாதம் வெளிநாட்டுப் பணம் வந்து விழுந்ததற்கான வங்கி ஸ்டேட்மென்ட்தான் சாட்சி. சிவப்பு மை டிக் போன மாதிரியேதான். அங்கேயும் ஆள் கையெழுத்து போய் என்ட்ரி வந்துவிட்டது.

இதற்கு மேல், பிரிட்டிஷ்காரருக்குத் தன் நாட்டுப் பென்ஷன் துறையிடமிருந்து அவ்வப்போது லைஃப் சர்டிஃபிகேட் படிவமும் வரும். சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பென்ஷன் நிற்கும். தாய்லாந்தில் இருந்தால் அவருடைய அரசுப் பென்ஷன் வருடாந்திர உயர்வும் இல்லாமல் உறைந்து நிற்கும். பஞ்சப்படிக்கு நாம் போட்ட சண்டைகளை நினைத்துப் பாருங்கள்.

நமக்கு அங்கே ஓய்வு விசா தேவைப்படுவது அபூர்வம். மகன் வீட்டில் ஒரு மாதம் இரண்டு மாதம்தான். 2023 நவம்பரிலிருந்து இந்தியருக்கு விசா இல்லாமல் அனுமதித்தார்கள். முதலில் 30 நாள், 2024 ஜூலையில் 60 நாளாக்கினார்கள். 2025 மே முதல், விமானத்தில் பேனா கடன் கேட்டு நிரப்பிய வருகை அட்டை போய், புறப்படுவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் அட்டை வந்துவிட்டது. நாள் கணக்கு அடிக்கடி மாறும் விஷயம், டிக்கெட் எடுக்கும் முன் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி நம் லைஃப் சர்டிஃபிகேட். 2014 நவம்பர் 10ஆம் தேதி ஜீவன் பிரமாண் தொடங்கினார்கள். ஆதார் எண், விரல் ரேகை அல்லது கருவிழி, பென்ஷன் ஆர்டர் நம்பர். எந்த ஊரிலிருந்தும் கொடுக்கலாம், பிராஞ்சுக்குப் போக வேண்டாம். அன்று எங்கள் கவுண்டரிலிருந்து திரும்பிப் போன வெளியூர்ப் பெரியவருக்கு இது முப்பது வருடம் தாமதமாக வந்த நியாயம். ஹெர்ஷல் வைத்த ரேகை சுற்றிவந்து நம் கையிலேயே சேர்ந்துவிட்டது.

ஆனால் ரேகை தேயும். சுரங்கத்தில் ஸ்பேனரும் கிரீஸும் பிடித்த கைகளில், வயதும் சேர்ந்தால், மெஷினுக்கு எதுவும் தெரிவதில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்து, துணியால் துடைத்து, மறுபடி வைத்து, கடைசியில் அந்த மனிதர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பல நவம்பர்களில் பார்த்திருக்கிறேன். "முப்பத்திரண்டு வருஷம் ஷிஃப்ட் பார்த்த கை சார் இது" என்றார் ஒருவர். மெஷின் அதைத்தான் சொல்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

2021 நவம்பரில் முகத்தைக் காட்டும் முறை வந்தது பெரிய உதவி. ஜீவன் பிரமாண் செயலி ஒன்று, ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலி ஒன்று, இரண்டும் ஆண்ட்ராய்டு போனில் வேண்டும். கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் வேலை முடிந்தது. மெஷினுக்குத் தேவைப்படும் உயிர் அடையாளம் அந்த ஒரு சிமிட்டல்தான். புகைப்படம் சிமிட்டாது அல்லவா. போன் வராது என்பவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருகிறார். என் அபிப்பிராயத்தில் இத்தனை ஏற்பாடுகளில் ஆகச் சிறந்தது அதுதான். மெஷினும் வருகிறது, நம்மைத் தெரிந்த ஒரு ஆளும் வருகிறார்.

வெளிநாடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இபிஎஸ்-95 பென்ஷன் வாங்குபவர்கள் நவம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். அக்டோபரில் விமானம் என்றால் செப்டம்பரிலேயே முடித்துவிட்டுப் போகலாம். மத்திய அரசு பென்ஷன்காரர்களில் 80 வயது ஆனவர்களுக்கு அக்டோபர் 1 முதலே வாய்ப்பு. அங்கே மாட்டிக்கொண்டால், இந்தியத் தூதரக அதிகாரியோ நோட்டரியோ வங்கி அதிகாரியோ கையெழுத்திட்ட பழைய காகிதச் சான்றும் செல்லும். அது இன்னும் சாகவில்லை. போனில் பிரமாண் ஐடி வந்ததும் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பென்ஷன் ஆர்டர் நம்பரில் ஒரு எண் மாறியிருந்தாலும் பிறகு நிராகரிப்பார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற இரண்டாவது செய்திதான் முக்கியம்.

அடுத்தது சிம் கார்டு. பென்ஷன் அக்கவுண்ட், ஆதார், கேஸ், எல்லாமே இந்த ஒரு நம்பரில் தொங்குகின்றன. வெளிநாட்டில் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுக்கொண்டு நம் சிம்மைக் கழற்றி டப்பியில் வைத்துவிடுகிறோம். 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால் அந்த நம்பரைத் துண்டிக்கக் கம்பெனிக்கு அனுமதி உண்டு. தாய்லாந்துக்காரர் கேட்கும் அதே 90 நாள்! நம்பர் போனால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் நம் பணத்தை நாமே தொட முடியாது. புறப்படும் முன் ரீசார்ஜ் செய்து, வெளிநாட்டு ரோமிங்கை இயக்கி, இரண்டு சிம் போடும் போனில் நம் சிம்மையும் உயிரோடு வைத்திருங்கள்.

அக்டோபர், நவம்பர் சனிக்கிழமைகளில் மாலை ஐந்து முதல் ஏழு வரை சங்க அறையில் இருப்பேன். ஆதார் கார்டு, பென்ஷன் ஆர்டர், பாஸ்புக், ஆதாரில் பதிந்த நம்பர் உள்ள போன், இந்த நான்கையும் எடுத்து வாருங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். கண் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் டாக்டர் அதைக் கழற்றச் சொன்ன பிறகு வந்தால் போதும்.